டீச்சர் பென்ஷன் ஒரு பக்கம், சோஷியல் செக்யூரிட்டி ஒரு பக்கம்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த லெட்டர்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், அமெரிக்கால பப்ளிக் ஸ்கூல்ல வேலை பாத்தவங்க பென்ஷனும், சம்பளத்துல வரி பிடிச்சு வயசான காலத்துல கவர்மென்ட் மாசா மாசம் தர்ற சோஷியல் செக்யூரிட்டியும் எப்படி சேரும், ஒண்ணு வந்தா இன்னொண்ணு போயிடுமான்னு. நானும் 24 வருஷம் ஸ்கூல்ல நின்னு பாடம் எடுத்தவதான், இதே குழப்பத்துல பல ராத்திரி தூங்காம கிடந்திருக்கேன், அதனால இந்த தடவை முழுக்க இதுக்கே பதில் சொல்றேன்.

அக்கா, எனக்கு 58 வயசு, ஹூஸ்டன் பக்கம். 1998ல வந்து ஐ.டி. கம்பெனில 11 வருஷம் வேலை, 2009ல இருந்து பப்ளிக் ஸ்கூல்ல மேத்ஸ் டீச்சர். ஸ்கூல் சம்பளத்துல சோஷியல் செக்யூரிட்டி பிடிக்கறதே இல்ல, டெக்ஸாஸ் டீச்சர் பென்ஷன் திட்டமான டி.ஆர்.எஸ். மட்டும்தான். டி.ஆர்.எஸ். பென்ஷன் வாங்கினா பழைய ஐ.டி. வேலைக்கு வர வேண்டிய சோஷியல் செக்யூரிட்டிய பாதியா வெட்டிடுவாங்கன்னு கூட வேலை பாக்கறவங்க சொல்றாங்க. பேசாம டி.ஆர்.எஸ். பணத்த ரீஃபண்ட் வாங்கிட்டு போயிடலாமான்னு வீட்ல பேச்சு. என்ன பண்ணட்டும்?

முதல்ல அந்த ரீஃபண்ட் ஃபார்ம தொடாதீங்கம்மா. ரீஃபண்ட் வாங்கினா உங்க சம்பளத்துல பிடிச்ச பணமும் கொஞ்சம் வட்டியும்தான் கைக்கு வரும், வாழ்நாள் முழுக்க மாசா மாசம் வர வேண்டிய பென்ஷன் மொத்தமா போயிடும். நீங்க பயப்படற அந்த வெட்டு இப்ப சட்டத்துலயே கிடையாது.

உங்க ஃப்ரெண்ட்ஸ் சொல்றது பொய் இல்ல, ஆனா பழைய கதை. 1983ல டபிள்யூ.இ.பி.னு ஒரு விதி கொண்டு வந்தாங்க. சோஷியல் செக்யூரிட்டி பிடிக்காத வேலையில பென்ஷன் வாங்கறவங்களுக்கு, வேற வேலையில சம்பாதிச்ச சோஷியல் செக்யூரிட்டிய குறைச்சு கணக்கு போடணும்னு அந்த விதி. டெக்ஸாஸ், கலிஃபோர்னியா, இல்லினாய், ஒஹாயோ, மாசசூசெட்ஸ், கொலராடோ, லூயிசியானா, மிசௌரி மாதிரி மாநிலங்கள்ல பெரும்பாலான டீச்சருங்க சோஷியல் செக்யூரிட்டிக்கு வெளிய இருக்கறதால நிறைய பேருக்கு அடி விழுந்துச்சு. 2025 ஜனவரி 5ஆம் தேதி ஜனாதிபதி பைடன் சோஷியல் செக்யூரிட்டி ஃபேர்னஸ் ஆக்ட்ல கையெழுத்து போட்டாரு, அதோட டபிள்யூ.இ.பி.யும் அதோட கூடப்பிறந்த, கணவன் மனைவி பங்க வெட்டற ஜி.பி.ஓ.வும் ரெண்டுமே ஒழிஞ்சுது. கையெழுத்து 2025லன்னாலும் 2024 ஜனவரி மாச பணத்துல இருந்தே வெட்டு கிடையாதுன்னு பின்தேதி போட்டு குடுத்தாங்க.

எவ்ளோ வித்தியாசம்னு ஒரு கணக்கு போட்டு காட்டறேன், இத பேப்பர்ல எழுதி பாத்தாதான் மனசு நம்பும். உங்க வாழ்நாள் சம்பளத்துல அதிகமா வாங்கின 35 வருஷத்த எடுத்து, நாட்டோட சராசரி சம்பளம் ஏறினதுக்கு ஏத்த மாதிரி ஏத்தி, மாச சராசரி போடுவாங்க. ஒரு பேச்சுக்கு அது 1,400 டாலர்னு வெச்சுக்குவோம். 2025ல 62 வயசு ஆகறவங்களுக்கு முதல் 1,226 டாலருக்கு 90 சதவீதம், அதுக்கு மேல இருக்கற 174 டாலருக்கு 32 சதவீதம். கூட்டினா மாசம் 1,159 டாலர் வருது. பழைய விதில அந்த 90 சதவீதத்த 40 வரைக்கும் இறக்கலாம், அப்ப 546 டாலர்தான் நின்னிருக்கும். மாசம் 613 டாலர், வருஷத்துக்கு 7,000 டாலருக்கு மேல, சும்மா போயிருக்கும்.

டி.ஆர்.எஸ். கணக்கு தனி. மொத்த சர்வீஸ் வருஷத்த 2.3 சதவீதத்தால பெருக்கி, உங்க உச்ச 5 வருஷ சம்பள சராசரியோட பெருக்கணும். 16 வருஷம், சராசரி 62,000னா 36.8 சதவீதம், வருஷத்துக்கு 22,816, மாசம் 1,900 டாலர். இந்த 1,900ம் அந்த 1,159ம் ரெண்டும் உங்களுதுதான், ஒண்ணு இன்னொண்ண தொடாது.

ஒரே ஒரு விஷயத்த மட்டும் தப்பா புரிஞ்சுக்காதீங்க, ஏன்னா இதுலதான் நிறைய பேர் "சட்டம் மாறியும் எனக்கு கம்மியாதான் காட்டுது"ன்னு ஏமாந்து போறாங்க. 35 வருஷ சராசரின்னு சொன்னேன் இல்லையா, உங்களுக்கு சோஷியல் செக்யூரிட்டி பிடிச்சது 11 வருஷம்தான், மீதி 24 வருஷத்துக்கு சைபர் போட்டுதான் சராசரி எடுப்பாங்க. அது தண்டனை இல்ல, நாம அந்த வருஷங்கள்ல வரி கட்டல, அவ்ளோதான்.

இன்னிக்கே ஒரு வேலை செய்யுங்க. சோஷியல் செக்யூரிட்டி வெப்சைட்ல அக்கவுன்ட் திறந்து உங்க சம்பள ரெக்கார்ட பிரின்ட் எடுங்க. ரெண்டு பத்தி இருக்கும், இடது பக்கம் சோஷியல் செக்யூரிட்டி வரி கட்டின சம்பளம், பக்கத்துலயே மெடிகேர்ங்கற, வயசானவங்களுக்கான கவர்மென்ட் மருத்துவ இன்சூரன்ஸுக்கு வரி கட்டின சம்பளம். 2009ல இருந்து இடது பக்கம் வரிசையா சைபர் சைபரா இறங்கும், வலது பக்கம் உங்க ஸ்கூல் சம்பளம் முழுசா இருக்கும். அத பாத்து திகைக்காதீங்க, 1986 மார்ச் 31க்கு அப்புறம் வேலைக்கு சேந்த ஸ்கூல்காரங்க எல்லாரும் மெடிகேர் வரி 1.45 சதவீதம் கட்டறாங்க, அதுதான் அது. நீங்க பாக்க வேண்டியது 1998ல இருந்து 2009 வரைக்கும். ஒவ்வொரு வருஷமா விரல் வெச்சு பாருங்க. என் ரெக்கார்ட்ல நான் ஸ்கூலுக்கு வர்றதுக்கு முன்னாடி வேலை பாத்த ஒரு முழு வருஷம் காணாமயே போயிருந்துச்சு, கம்பெனி கைமாறின வருஷம் அது, கம்பெனி வருஷா வருஷம் சம்பளமும் வரியும் போட்டு தர்ற டபிள்யூ-2, அந்த பழைய காகிதம் ஒரு துணிப்பைல கிடந்ததாலதான் சரி பண்ண முடிஞ்சுது. அந்த காகிதத்த எல்லாம் தூக்கி போட்டுடாதீங்க.

மேடம், நான் கலிஃபோர்னியால டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவ, வயசு 68. கலிஃபோர்னியா டீச்சர் பென்ஷன் திட்டமான கால்ஸ்டர்ஸ்ல மாசம் 2,700 டாலர் வருது. எனக்குன்னு சோஷியல் செக்யூரிட்டி கிடையாது. என் வீட்டுக்காரர் பேர்ல மனைவி பங்கு கிடைக்குமான்னு ரெண்டு வருஷம் முன்னாடி ஆபீஸ்ல கேட்டதுக்கு "உங்களுக்கு ஒண்ணும் வராது, அப்ளை பண்றதே வேஸ்ட்"னு அனுப்பிட்டாங்க. இப்ப சட்டம் மாறினதும் எல்லாருக்கும் தானா பணம் வந்துச்சுன்னு கேள்விப்பட்டேன், எனக்கு மட்டும் இன்னும் வரல.

வராதும்மா, நீங்க அப்ளை பண்ற வரைக்கும் வராது. இத படிச்ச உடனே போன எடுங்க.

தானா பணம் போனது யாருக்குன்னா, ஏற்கனவே அப்ளை பண்ணி, சிஸ்டம்ல பேர் இருந்து, வெட்டு விழுந்து கம்மியாவோ சைபராவோ வந்துட்டு இருந்தவங்களுக்கு. அவங்களுக்கு 2025 பிப்ரவரி கடைசில இருந்து பாக்கிப் பணம் மொத்தமா போக ஆரம்பிச்சுது, ஏப்ரல்ல இருந்து மாசத் தொகை ஏறிச்சு. நீங்க அப்ளிகேஷனே போடாததால நீங்க இருக்கறதே அவங்களுக்கு தெரியாது.

உங்கள திருப்பி அனுப்பினவங்க அன்னிக்கு போட்ட கணக்கு ஜி.பி.ஓ. கணக்கு, 1977ல வந்த விதி. உங்க டீச்சர் பென்ஷன்ல மூணுல ரெண்டு பங்க மனைவி பங்குல இருந்தோ விதவை பங்குல இருந்தோ கழிச்சுடணும். 2,700ல மூணுல ரெண்டு 1,800. வீட்டுக்காரருக்கு முழு வயசு தொகை, அதாவது குறைப்பு இல்லாம வாங்கற வயசுல வர்ற தொகை, 2,800னா உங்க பங்கு பாதி, 1,400. 1,400ல 1,800 கழிச்சா ஒண்ணும் மிஞ்சாது. இப்ப அந்த கழிவே இல்லாததால 1,400 முழுசா உங்களுக்கு சேரும். நீங்க முழு வயசு தாண்டினவங்கங்கறதால வயசுக்கான குறைப்பும் கிடையாது. அவர் ஏற்கனவே வாங்கிட்டு இருக்கணும், அது முக்கியமான நிபந்தனை. சீக்கிரமே வாங்க ஆரம்பிச்சு அவருக்கு கம்மியா வந்தாலும் உங்க பாதி அவரோட முழு வயசு தொகைல இருந்துதான் கணக்கு.

அவசரம்னு நான் அடிச்சு சொல்றதுக்கு காரணம் இருக்கு. முழு வயசு தாண்டினவங்க புதுசா அப்ளை பண்ணா பின்தேதி போட்டு குடுக்கறது பொதுவா 6 மாசம்தான். அதுக்கு முன்னாடி நீங்க விட்ட மாசம் விட்டதுதான். ஒவ்வொரு மாசமும் 1,400 டாலர் நழுவுது. 1-800-772-1213க்கு கூப்பிட்டு "நான் மனைவி பங்குக்கு அப்ளை பண்ணணும், இன்னிக்கு தேதிய பதிவு பண்ணுங்க"ன்னு சொல்லுங்க. அந்த தேதி முக்கியம், அப்பாயின்ட்மென்ட் பல வாரம் கழிச்சு கிடைச்சாலும் நீங்க கூப்பிட்ட நாளையே அப்ளை பண்ண நாளா எடுத்துக்க வழி இருக்கு. கல்யாண சர்டிஃபிகேட்ட எடுத்து வெச்சுக்குங்க, நம்ம ஊர்ல ரெஜிஸ்டர் பண்ணதுன்னா தமிழ்ல இருந்தாலும் அத குடுங்க.

இன்னொண்ணும் மனசார சொல்றேன். வாய்ல "வராது"ன்னு சொன்னா எந்த ஆபீஸ்லயும் கிளம்பி வந்துடாதீங்க. நானும் ஒரு தடவை அப்படித்தான் கவுன்டர்ல ஒருத்தர் தலைய ஆட்டினாருன்னு திரும்பி வந்துட்டேன், கையில ஒரு காகிதம் கூட இல்ல, அப்புறம் எதை வெச்சு கேக்கறது? அப்ளிகேஷன எழுதி குடுங்க, மறுக்கறதா இருந்தா எழுத்துல மறுக்கட்டும். லெட்டர் இருந்தாதான் அப்பீல் பண்ண முடியும்.

அப்புறம், சட்டம் மாறினதும் மனைவி பங்கு எல்லாருக்கும் உண்டுன்னு சிலர் எழுதிருக்காங்க. அப்படி இல்ல. உங்க சொந்த சோஷியல் செக்யூரிட்டி 1,500, மனைவி பங்கு 1,400னா 1,500தான், ரெண்டையும் கூட்டி தர மாட்டாங்க. அந்த விதி நாட்ல எல்லாருக்கும் பொது, அது மாறல. டீச்சர் பென்ஷன் மட்டும்தான் இந்த ஒப்பீட்டுலயே வராம வெளிய போயிடுச்சு.

அக்கா, என் வீட்டுக்காரர் ஒஹாயோல ஸ்கூல் டீச்சர், வர்ற ஜூன்ல ரிட்டயர் ஆறார். நான் சாஃப்ட்வேர்ல இருந்தேன், எனக்கு சோஷியல் செக்யூரிட்டி மாசம் 3,000 டாலர் வரும். அவர் பென்ஷன முழுசா எடுத்தா 4,200, எனக்கும் சேத்து எழுதினா குறையும். "உனக்குதான் உன் பணம் இருக்கே"ன்னு முழுசா எடுக்க பாக்கறார், நான் கையெழுத்து போடணுமாம்.

கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் உக்காந்து "நான் இல்லன்னா நீ, நீ இல்லன்னா நான்"னு ரெண்டு பக்கமும் கணக்கு போடுங்க. பேச சங்கடமான விஷயம்தான், நம்ம வீடுகள்ல சாவு பத்தி பேசினாலே "வாய கழுவு"ன்னு சொல்லுவாங்க, ஆனா இந்த ஒரு கையெழுத்த அப்புறம் மாத்தறது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

இப்ப நீங்க முதல்ல போயிட்டா அவருக்கு என்ன ஆகும்? அவர் பென்ஷன் 4,200 அப்படியே வரும். அதுக்கு மேல உங்க 3,000மும் அவருக்கு வரும். பழைய ஜி.பி.ஓ. இருந்திருந்தா 4,200ல மூணுல ரெண்டு 2,800 போக 200 டாலர்தான் கைல குடுத்திருப்பாங்க. இப்ப மொத்தம் 7,200. அவர் பக்கம் பாதுகாப்பு தானா வந்துடுச்சு.

அவர் முதல்ல போயிட்டா? முழுசா எடுத்திருந்தா அவர் பென்ஷன் அதோட நின்னுடும். அவர் டீச்சர்ங்கறதால அவர் பேர்ல பெருசா சோஷியல் செக்யூரிட்டியும் இருக்காது. உங்க 3,000 மட்டும்தான். வீட்டு வருமானம் 7,200ல இருந்து ஒரே நாள்ல 3,000 ஆயிடும், வீட்டு வரியும் இன்சூரன்ஸும் பாதியா குறையாது. சட்டம் மாறினது அவருக்கு உதவி பண்ணிச்சு, உங்களுக்கு இந்த இடத்துல ஒண்ணும் பண்ணல, இத அவர்கிட்ட பொறுமையா காட்டுங்க. அதனால என் கருத்து தெளிவு, உங்களுக்கு ஒரு பங்கு வர்ற மாதிரிதான் எழுதணும். நூத்துக்கு நூறு வேணாம், பாதின்னாலும் சரி, பென்ஷன் ஆபீஸ்ல ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் எவ்ளோ குறையும்னு எழுத்துல கேளுங்க. அவர் இன்சூரன்ஸும் அந்த பென்ஷன் வழியா வர்றதுன்னா அவர் காலத்துக்கு அப்புறம் உங்களுக்கு அது தொடருமான்னு அதையும் சேத்து கேளுங்க.

இத்தோட ஒரு யோசனை. உங்களுக்கு உடம்பு நல்லா இருந்து, கையில பணம் ஓடுதுன்னா உங்க சோஷியல் செக்யூரிட்டிய 70 வரைக்கும் தள்ளி போடுங்க. முழு வயசுக்கு மேல ஒவ்வொரு வருஷத்துக்கும் 8 சதவீதம் ஏறும். அந்த ஏறின தொகைதான் உங்களுக்கு அப்புறம் அவருக்கும் போகும். முன்னாடி ஜி.பி.ஓ. இருந்தப்ப டீச்சர் வீட்ல இப்படி தள்ளி போடறதுக்கு பாதி அர்த்தமே இல்லாம இருந்துச்சு, இப்ப இருக்கு.

விஸ்கான்சின்ல டீச்சர், 57 வயசுல ரிட்டயர் ஆகலாம்னு இருக்கேன். 62 வயசு வரைக்கும் பென்ஷன கூட்டி தர்றோம், அப்புறம் குறைச்சுக்கறோம்னு ஒரு ஆப்ஷன் இருக்கு. எடுக்கலாமா மேடம்?

உங்க மாநிலத்துல டீச்சருக்கும் சோஷியல் செக்யூரிட்டி பிடிக்கறாங்க, அதனால ரெண்டையும் ஒட்ட வைக்கற இந்த ஆப்ஷன் அங்க இருக்கு. மிஷிகன்லயும் இதே மாதிரி ஒண்ணு உண்டு. 62ல சோஷியல் செக்யூரிட்டி ஆரம்பிக்கும்னு கணக்கு பண்ணி, அதுக்கு முந்தின வருஷங்கள்ல பென்ஷன அதிகமா குடுத்துட்டு, 62ல இறக்கிடுவாங்க, அப்ப ரெண்டும் சேந்து வருமானம் சமமா ஓடற மாதிரி தெரியும்.

சிக்கல் என்னன்னா நீங்க சோஷியல் செக்யூரிட்டி வாங்கினாலும் வாங்காட்டியும் 62ல பென்ஷன் இறங்கிடும். அப்புறம் வேற வழி இல்லாம 62லயே போய் அப்ளை பண்ணுவீங்க. 1960லயும் அதுக்கப்புறமும் பொறந்தவங்களுக்கு முழு வயசு 67. அப்ப 2,000 வரணும்னா 62ல 1,400தான், 70 வரைக்கும் பொறுத்தா 2,480. 62ல எடுத்த 30 சதவீத குறைப்பு சாகற வரைக்கும் கூடவே வரும். வீட்ல நீண்ட ஆயுசு உள்ள குடும்பம்னா நான் இத எடுக்க சொல்ல மாட்டேன். 57லயே உடம்பு முடியல, வேற சேமிப்பும் இல்லன்னா அது வேற விஷயம், அப்ப எடுங்க, குத்தம் இல்ல.

ஊர்ல 12 வருஷம் ஸ்கூல் டீச்சரா இருந்தேன். இங்க வந்து சோஷியல் செக்யூரிட்டி வரி கட்டி 34 கிரெடிட் சேத்திருக்கேன், அந்த பணம் கிடைக்க 40 வேணுமாம். ஊர் சர்வீஸ சேத்துக்க முடியுமா?

முடியாதும்மா. ஊர் சர்வீஸ சேத்துக்கற ஒப்பந்தம் சில நாடுகளோட அமெரிக்காவுக்கு இருக்கு, இந்தியாவோட இல்ல. ஆனா 6 கிரெடிட் ஒண்ணும் மலை இல்ல. 2025ல 1,810 டாலர் சம்பாதிச்சா ஒரு கிரெடிட், வருஷத்துக்கு அதிகபட்சம் 4, அதாவது 7,240 டாலர் வருமானத்துக்கு 4 கிரெடிட்டும் வந்துடும். வீட்ல பசங்களுக்கு டியூஷன் எடுக்கறீங்கன்னா அந்த வருமானத்த ஒழுங்கா காட்டி சுயதொழில் வரி கட்டுங்க, அதுவும் கிரெடிட்தான். ரெண்டு வருஷத்துல முடிஞ்சுடும். வரி கட்ட மனசு வராம டியூஷன் பணத்த கணக்குல காட்டாம விட்டு, 65 வயசுல 2 கிரெடிட் குறைஞ்சு நின்னவங்கள எனக்கு தெரியும், பாக்கவே கஷ்டமா இருந்துச்சு.

பென்ஷன், சோஷியல் செக்யூரிட்டி ரெண்டும் வாங்க ஆரம்பிச்சாச்சு மேடம், டெக்ஸாஸ்ல இருக்கோம், ஸ்டேட் வரி இல்லன்னு நிம்மதியா இருந்தோம். இந்த வருஷம் ஃபெடரல் டாக்ஸ் கட்ட சொல்லி பெரிய தொகை வந்துருக்கு. சோஷியல் செக்யூரிட்டிக்கு வரி உண்டா?

உண்டுங்க, பென்ஷனால வருது. உங்க மத்த வருமானத்தோட சோஷியல் செக்யூரிட்டில பாதிய கூட்டுவாங்க. கணவன் மனைவி சேந்து ஃபைல் பண்ணா அது 32,000 தாண்டினா சோஷியல் செக்யூரிட்டில பாதி வரைக்கும், 44,000 தாண்டினா 85 சதவீதம் வரைக்கும் வரி போடற வருமானமா கணக்குல சேரும். பல வருஷமா இந்த வரம்ப விலைவாசிக்கு ஏத்த மாதிரி ஏத்தவே இல்ல, அதனால சாதாரண டீச்சர் பென்ஷன் வாங்கற வீடே இதுல மாட்டுது. டி.ஆர்.எஸ்.ல வரி பிடிப்பாங்க, ஆனா சோஷியல் செக்யூரிட்டில நீங்க கேக்காம பிடிக்க மாட்டாங்க, அதுதான் ஏப்ரல்ல மொத்தமா வந்து நிக்குது. டபிள்யூ-4வினு ஒரு ஃபார்ம், ஒரே பக்கம்தான், அதுல 7, 10, 12, 22 இதுல ஒரு சதவீதத்த டிக் பண்ணி குடுத்தா மாசா மாசம் பிடிச்சுக்குவாங்க. 2025ல பழைய பாக்கி மொத்தமா வந்திருந்தா அதுல 2024க்கு சேர வேண்டிய பங்க அந்த வருஷத்து கணக்குப்படி பாக்கவும் ஒரு வழி இருக்கு, டாக்ஸ் பண்றவர்கிட்ட லம்ப் சம் எலெக்ஷன்னு சொல்லி கேளுங்க, ஜனவரில வர்ற சோஷியல் செக்யூரிட்டி 1099 ஃபார்ம்ல எந்த வருஷத்துக்கு எவ்ளோன்னு பிரிச்சு போட்டிருக்கும், அந்த காகிதத்த கையோட எடுத்துட்டு போங்க.